ஓட்டியவரின் கவனக்குறைவு

சதீஷ்,

திங்கட்கிழமை வேலையில் சேர பஸ்ஸில் போகப்போவதாக நேற்று சாப்பிடும்போது சொன்னாய். "பஸ்ஸு எதுக்குடா, நான் கொண்டுபோய் விடறேன். மெட்ராஸ் இன்னா தூரம்?" என்றார் அப்பா. நீ தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "வேணாம்ப்பா, மொத நாளே வழியில நின்னுட்டா பேஜாரு" என்றாய். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் படிக்க உனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், இருபத்தாறு வருஷமாகப் படிக்கிறேன். கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய், காலையில் துடைத்த காரையே மறுபடி துடைத்தார். உன்னை அங்கேயே திட்டியிருப்பேன். அவர் காதில் விழும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளை முதல் வேலைக்குப் போகும்போது வேளைக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி என்று எழுதும் அம்மாவாக இருக்கத்தான் ஆசைப்பட்டேன். அது இந்தக் கடிதத்தில் இல்லை. நான் கோபமாக இருக்கிறேன்.

நீ சேரப்போவது ஒரு கார் கம்பெனியின் புகார்ப் பிரிவு. நம் காரைச் செய்த கம்பெனி இல்லை, வேறு ஒன்று. ஆனால் நாற்காலி அதே நாற்காலிதான். நம்மைப்போல யாரோ எழுதுகிற கடிதத்தை முதலில் திறக்கப்போகிறவன் நீ. அந்த நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் ஒன்பது வாரம் நின்றவள் நான். அந்த ஒன்பது வாரமும் நீ வீட்டில்தான் இருந்தாய், நேர்முகத் தேர்வுக்குப் படித்துக்கொண்டு. நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். தெரியாது. முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அப்பா ஆம்பூரிலிருந்து வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைக் கூட்டிப்போகிறவர். ஏறும்போது கையைப் பிடித்து ஏற்றுவார், பள்ளம் வந்தால் முன்கூட்டியே சொல்வார். அதனால்தான் கரீம் பாய் வீட்டார் வேறு வண்டியைக் கூப்பிடுவதில்லை. செவ்வாயும் வெள்ளியும் கரீம் பாய்க்கு டயாலிசிஸ். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பள்ளிகொண்டா டோலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் எஞ்சினிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினதுபோல இருந்ததாம். அப்பா உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தார். அணைப்பதற்கு முன் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தார். அது எப்போதும் இருக்கிற இடத்தில், நடுவில் இருந்தது. அதன் பிறகு அந்த எஞ்சின் திரும்ப ஓடவே இல்லை. ராணிப்பேட்டைப் பக்கம் போகிற ஒரு ஷூ கம்பெனி பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி, வேலைக்குப் போகிற பெண்கள் எழுந்து இடம் கொடுக்க, கரீம் பாயை அதில் ஏற்றினார். தானும் ஏறினார். வேலூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து, அவரை ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுக்கவைத்துவிட்டுத்தான் காரைப் பார்க்கத் திரும்பி வந்தார். இதைச் செய்த மனிதரைத்தான் கவனமில்லாதவர் என்று எழுதினார்கள்.

வாரண்டி முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. சர்வீஸ் சென்டருக்கு நானும் கூடப் போனேன். மேனேஜர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, எங்களை எப்படி அனுப்பிவைப்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வெளியே வந்தார் என்று. "அண்ணே, வாரண்டி போச்சி. எஞ்சின் மொத்தமா காலி. சூடு ஏறுனத பாக்காம ஓட்டிருக்கீங்க."

"சூடு ஏறவே இல்ல சார். முள்ளு நடுவுலதான் இருந்துச்சி."

"எல்லா டிரைவரும் இதத்தான் சொல்றான்."

அண்ணே என்று தொடங்கியவர் அடுத்த பேச்சிலேயே சொல்றான் என்றார். அப்பா அதைக் கவனிக்காததுபோல் இருந்தார். நீட்டின தாளில், காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து, பத்தாம் வகுப்பில் எனக்குப் பரிசாகக் கொடுத்த அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். எஞ்சின் பழுதுக்குக் காரணம்: ஓட்டியவரின் கவனக்குறைவு. நான் தப்பாகப் படித்திருப்பேனோ என்று உன்னிடம் கொடுத்தேன். நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "அப்படித்தாம்மா போட்ருக்கு. அப்பா பாக்காம ஓட்டிருக்கலாம். ரிப்போர்ட் எதுக்கும்மா பொய் சொல்லப் போவுது?" அப்பா கட்டிலில் உட்கார்ந்து வெள்ளைச் சட்டையின் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். பிறகு மீதிப் பொத்தானையும் கழற்றினார். அவ்வளவுதான். நீ போனைப் பார்க்கப் போய்விட்டாய்.

எஞ்சினியரிங் படித்தவன் நீ. காரோடு வந்த புத்தகத்தை ஒரு நாள் பிரித்துப் பார்த்திருப்பாயா? இந்த வீட்டில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான். பொட்டலம் மடித்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிற பழக்கம் எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து உண்டு. கார் வாங்கின வாரத்திலேயே அந்தப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டேன். வாரண்டிப் பக்கங்களின் கடைசியில், பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. தயாரிப்பில் குறை இருக்கலாம் என்று தெரிந்தால், காலம் கடந்த வண்டிகளையும் கம்பெனி தனியாகப் பரிசீலிக்கலாம் என்று. சர்வீஸ் எல்லாவற்றையும் அவர்களிடமே, ஒன்று தவறாமல் செய்திருந்தோம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் கம்பெனிக்கு முதல் கடிதம் எழுதினேன்.

அந்தக் கடிதத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். உன்மேல் இருக்கிற கோபத்தில் பாதி என்மேலும் இருக்கிறது, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். நம் தெருவுக்குப் பின்னால் தோல் துண்டுகளைக் கொட்டுகிற இடம் இருப்பதால் எலித் தொல்லை ஜாஸ்தி. இரண்டு முறை எஞ்சினுக்குள் புகுந்து ஒயரைக் கடித்தன. நான் கழிவுத் தோல் கடையில் கறுப்புத் தோல் வாங்கி, கார் முகத்தில் காற்றுப் போகிற திறப்புக்கு அளவெடுத்து, ஒரு மூடி தைத்தேன். நான்கு மூலையிலும் அழுத்துப் பொத்தான். நிறுத்தும்போது மாட்ட வேண்டும், ஓட்டும்போது கழற்ற வேண்டும். "காருக்கே ஷூ தெச்சிட்டியாம்மா, லேஸு எங்க?" என்று நீ கேலி பண்ணினாய். ஊரில் வேறு யார் வீட்டிலும் இப்படி ஒரு வேலை நடந்திருக்காது. தோலையே பார்த்துப் பார்த்துப் பழகின கை எதற்கும் தோலைத்தான் தேடும். கம்பெனிக்குக் காரைப் படம் எடுத்து அனுப்பும்போது எனக்குப் பயம் வந்தது. காற்றுப் போகாமல் மூடினதால்தான் சூடு ஏறியது என்று சொல்லிவிடுவார்களோ? "அத பத்தி எழுதாதம்மா, நாமளே கையில குடுத்த மாதிரி ஆய்டும்" என்றாய் நீயும். எழுதவில்லை. ஆனால் பம்பரில் பொத்தானின் அடிப்பாகம் நான்கும் அப்படியே இருந்ததை நான் மறந்துவிட்டேன். மேனேஜர் மறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது: உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், வண்டியில் வெளிப்பொருள் ஒன்றைப் பொருத்தியதை நீங்கள் தெரிவிக்கவில்லை, உதவ இயலாது.

நான் ஷூ கம்பெனியில் குறை பார்க்கிறவள், சதீஷ். தோலில் கீறலோ உண்ணி கடித்த தழும்போ இருந்தால் சில்வர் பேனாவால் வட்டம் போடுவேன். வெட்டுகிறவர் அந்த இடத்தை விட்டுவிட்டு வெட்டுவார். மறைப்பது என் வேலைக்கே எதிரானது. அந்தப் பதிலைப் படித்தபோது எனக்குப் பழைய ஒரு நாள் ஞாபகம் வந்தது. நீ அப்போது மூன்றாம் வகுப்பு. வெளிநாட்டிலிருந்து ஒரு ஜோடி ஷூ திரும்பி வந்திருந்தது. வாங்கினவர் ஒரு முழுப் பருவம் போட்டு நடந்த ஷூ, திருப்பித் தருகிற கெடுவெல்லாம் எப்போதோ முடிந்திருந்தது. இருந்தும் எங்கள் ஃபுளோர் மேனேஜர் எல்லோரையும் மேஜையைச் சுற்றி நிற்கவைத்து, கண்முன்னால் அந்த ஷூவைக் கத்தியால் பிளந்தார். உள்ளே ஒட்டியிருந்த எண்ணை வைத்து எந்தத் தோல், யார் தைத்தது, யார் பாஸ் பண்ணியது என்று பார்த்தார்கள். "பதினேழு யாரு?" என்று கேட்டார். பதினேழு நான்தான். கையைத் தூக்கினேன். வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் என்னைத் திட்டினார், நன்றாகவே திட்டினார், ஆனால் அந்த ஆளுக்குப் புது ஜோடி போனது. அந்த மேஜையைச் சுற்றி நாற்பது பேர் நின்றோம். நடந்தவர் சரியாக நடக்கவில்லை என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அந்த ஊர்க்காரர் காலுக்கு இருக்கிற மரியாதை ஆம்பூர் டிரைவர் கைக்கு ஏன் இல்லை? இதை நான் யாரைக் கேட்பது?

இரண்டாவது கடிதத்தை எங்கள் கம்பெனியில் திரும்பி வந்த ஷூவுக்கு எழுதுகிற மாதிரியே எழுதினேன். தோல் மூடி தைத்தது நான்தான், மறைத்ததும் நான்தான், இதோ அதன் படம், இதோ அளவு என்று தொடங்கினேன். அன்றைக்கு அது முகத்தில் இல்லை என்பதற்குச் சாட்சி இருக்கிறது என்று எழுதினேன். அந்தச் சாட்சி கரீம் பாய். வீட்டுக்குப் போய்க் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். "எழுதும்மா. அந்தத் தோலு வண்டி மூஞ்சில இல்ல, என் காலுக்கு அடியில இருந்துச்சி. கால் வீங்கிக்கினா டிரைவர் அத மடிச்சி போடுவாரு, மெத்துன்னு இருக்கும். அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன். அப்புறம் இதயும் எழுது. என் கிட்னிக்கும் வாரண்டி முடிஞ்சி போச்சி, அதுக்காக டாக்டரு நீ சரியா ஒண்ணுக்குப் போவலன்னு ரிப்போர்ட் எழுதல."

"கடைசி வரிய வேணாம் பாய்."

"அதான்மா முக்கியமான பாயிண்டு!"

அதையும் எழுதினேன். எங்கள் முன்னால் எஞ்சினைப் பிரியுங்கள் என்று கேட்டு முடித்தேன். அதற்குப் பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. நான் லீவு போட்டுவிட்டு சர்வீஸ் சென்டர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நாட்களை உன்னிடம் சொல்லவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால் ஒவ்வொரு முறையும் வேறு ஒரு பெண் எடுப்பாள். நான் மறுபடி பள்ளிகொண்டா டோலிலிருந்து தொடங்க வேண்டும். "உங்க உணர்வு புரியுது மேடம்" என்பாள். என் உணர்வை விடு, நான் எழுதினதைப் படித்தாயா என்று கேட்டால் பாட்டுப் போட்டுவிடுவாள். இதற்குள் செய்தி டாக்சி ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. "இன்னா சேகரு, வண்டிய வேக வெச்சிட்டியாமே, மசாலா போட்டியா?" என்று கேட்டானாம் ஒருவன். கேலிதான். ஆனால் வாணியம்பாடியிலிருந்து மாசாமாசம் கூப்பிடுகிற அம்மாள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கவனமில்லாத டிரைவரை நம்பி யார் தன் வீட்டு நோயாளியை ஏற்றுவார்கள்? எஞ்சின் போனால் வேறு எஞ்சின் உண்டு. பெயர் போனால் அந்த மனிதருக்கு வேறு தொழில் இல்லை. அதனால்தான் எனக்கு எஞ்சினைவிட ரிப்போர்ட்டில் இருந்த அந்த ஒரு வரி பெரியதாக இருந்தது.

ஐந்தாவது வாரம் சென்னையிலிருந்து கம்பெனி ஆள் வந்தார். அதிகம் பேசாத, நரைத்த தலைக்காரர். எஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். புத்தகத்தில் படித்திருந்தேன், சூடு எல்லை மீறினால் அந்தப் பாகம் வளைந்துபோகும். என் பையிலிருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்து நீட்டினேன். "இத மேல வெச்சிப் பாருங்க சார். வளைஞ்சிருந்தா அடியில வெளிச்சம் தெரியும். தெரிஞ்சா நாங்க இப்பவே எழுந்து போய்ட்றோம்." மேனேஜர் சிரித்தார். "மேடம், இது செருப்பு இல்ல." வந்தவர் சிரிக்கவில்லை. என் ஸ்கேலை வாங்கி ஒரு தரம் பார்த்துவிட்டு, தன் பெட்டியிலிருந்து தடித்த ஒன்றை எடுத்து நீளவாக்கில் வைத்தார், குறுக்கில் வைத்தார், மூலைக்கு மூலை வைத்தார். பின்பக்கம் டார்ச் அடித்தார். வெளிச்சம் வரவில்லை. கீழே குனிந்து, உள்ளே ஓடுகிற சங்கிலியை இறுக்கிப் பிடிக்கிற ஒரு சின்னத் துண்டை எடுத்தார். இரண்டாக உடைந்திருந்தது. அதை ஒரு கவரில் போட்டு எண் எழுதினார். போகும்போது அப்பாவிடம் மட்டும், "சத்தம் வந்த உடனே அணைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "உடனே சார்." அவர் தலையை ஆட்டினார்.

பத்து நாளில் சர்வீஸ் சென்டருக்குத் தாள் வந்தது, எங்களைக் கூப்பிட்டார்கள். நல்லெண்ண அடிப்படையில் கம்பெனி எஞ்சினை மாற்றித் தரும் என்று இருந்தது. அதற்குக் கீழே, பழுது ஓட்டியவரின் கவனக்குறைவால் ஏற்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு வரி, அதற்குக் கீழே கையெழுத்துப் போடும் இடம். உடைந்த துண்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் வேண்டாம் என்றேன். அப்பா பேனாவைத் திறந்துவிட்டார். "எழுதிட்டுப் போவட்டும்டி. வண்டி ஓடுனா போதும்."

"ஓட்டுனது நீங்க. நீங்க தப்பு பண்ணலன்னு உங்களுக்குத் தெரியுதில்ல?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கு இது தெரிய வேண்டும். "நம்ம பையனே நம்பல. பேப்பர்ல இன்னா இருந்தா இன்னா?"

மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் பையிலிருந்து சில்வர் பேனாவை எடுத்து அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டேன். "இன்னாம்மா இது, கம்பெனி பேப்பர்ல கிறுக்குறீங்க?" என்று எழுந்துவிட்டார். "குறை சார் இது. எங்க கம்பெனில இப்படி வட்டம் போட்டா அந்த எடத்த வுட்டுட்டுதான் வெட்டணும். இத வெட்டிட்டுக் கொண்டாங்க, கையெழுத்துப் போடுவாரு." வெள்ளைத் தாளில் வெள்ளி மை சரியாகத் தெரியவில்லை. சாய்த்துப் பிடித்தால்தான் மின்னியது. வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னபோது, "எதுக்கும்மா சீன் போடற, குடுக்கறத வாங்கிக்க வேண்டிதான" என்றாய். அந்தத் தாள் போய் வரும்வரை வண்டி கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாது. அதையெல்லாம் யோசித்துத்தான் வட்டம் போட்டேன். இரண்டு வாரத்தில் வேறு தாள் வந்தது. அந்த வரி இல்லை. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை, அந்த வரி மட்டும் இல்லை. அப்பா அதை இரண்டு முறை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு நகலை மடித்துக் காரில் வெயிலில் கண் கூசாமல் மறைக்கிற பலகைக்குப் பின்னால் செருகிவைத்திருக்கிறார். யாரிடமும் எடுத்துக் காட்டியதில்லை.

திங்கட்கிழமையிலிருந்து உன் மேஜைக்கும் இப்படிக் கடிதங்கள் வரும். எழுத்துப் பிழையோடு, சம்பந்தமில்லாத வீட்டுக் கதையோடு, தேவையில்லாத கோபத்தோடு வரும். பொய்யும் இருக்கும். என் முதல் கடிதத்தில் இருந்தது. பயந்தவர்கள் மறைப்பார்கள், அதற்காக மீதி எல்லாவற்றையும் பொய் என்று எழுதிவிடாதே. எஞ்சின் தரவே வேண்டாம் என்று உன் கம்பெனி சொன்னால் நீ ஒன்றும் செய்ய முடியாது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக ஒருவர்மேல் எழுதுகிற தாள் உன் கையைக் கடந்து போகக்கூடாது. போனால், நீ வேளைக்குச் சாப்பிட்டாயா என்று நான் கேட்கமாட்டேன். அவ்வளவு கோபம் எனக்கு வரும்.

இப்போது அப்பா விஷயம். அவரிடம் நீ இதுவரை ஒரு சொல் சொல்லவில்லை. கட்டிப்பிடித்து அழு என்று நான் சொல்லவில்லை, உங்கள் இரண்டு பேருக்கும் அது வராது. பஸ் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு. திங்கட்கிழமை விடிந்ததும் வண்டி வாசலில் நிற்கும். பின்சீட்டில் பெட்டியை வை, நீ முன்சீட்டில் உட்கார். போனைப் பையில் போடு. மாதனூர் தாண்டும்வரை அவர் ஒன்றும் பேசமாட்டார். பள்ளிகொண்டா டோல் வந்ததும் வேகத்தைக் குறைப்பார், புது எஞ்சின் போட்ட பிறகும் அந்த இடத்தில் குறைக்கிறார், ஒவ்வொரு முறையும் குனிந்து அந்த முள்ளைப் பார்க்கிறார். அப்போது நீயும் குனிந்து பார். பார்த்துவிட்டு, அவர் காதில் விழுகிற மாதிரி சொல்: "நடுவுலதாம்ப்பா இருக்கு."

அம்மா